மாத்திரை எலும்பைத் தின்னுமா?

விடிகாலையில் ஜோலார்பேட்டையிலிருந்து புறப்படும் ஏலகிரி எக்ஸ்பிரஸில், வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் ஏறுகிறவர்கள் சிலர் கையில் ஒரு துணிப்பை இருக்கும். உள்ளே பழைய ஸ்கேன் படம், மடித்து மடித்து ஓரம் கிழிந்த சீட்டு, காலியான மாத்திரை அட்டை. காட்பாடியில் இறங்கி வேலூர் சிஎம்சிக்குப் போகிறவர்கள் அவர்கள். அந்தப் பைகளில் ஒன்றிரண்டாவது வலிப்பு நோய்க்காரருடையதாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஆரம்பித்த மாத்திரை, கல்யாணம் ஆகிப் பிள்ளை பிறந்த பிறகும் தொடரும்.

டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் அம்மாக்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஏன் சார், இத்தனை வருஷமா இதையே முழுங்கறானே, எலும்பெல்லாம் அரிச்சிடாதா?"

அறியாமையில் கேட்கிறார்கள் என்று இதைத் தள்ளிவிட முடியாது. அரை நூற்றாண்டுக்கு மேலாக மருத்துவ உலகம் கேட்டுக்கொண்டிருக்கிற கேள்வி இது. பக்கத்து வீட்டில் கேட்டால் "மாத்திரையை நிறுத்திடு" என்பார்கள். அவசரத்தில் இருக்கும் மருத்துவர் "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்பார். இரண்டும் சரியான பதில் அல்ல.

எத்தனை பேருக்கு இந்தக் கவலை? ஒருங்கிணைந்த வேலூர் மாவட்டத்தில் சிஎம்சி மருத்துவர்கள் 50,000 பேருக்கு மேல் கணக்கெடுத்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 4 பேர் வலிப்போடு வாழ்வது தெரிந்தது. மூன்றில் ஒருவருக்குக் காரணம் மூளையில் தங்கிய நாடாப்புழுவின் கட்டி. அதே விகிதத்தை 2019இல் தனியாகப் பிரிந்த திருப்பத்தூர் மாவட்டத்தின் 11 லட்சம் மக்களுக்குப் பொருத்தினால், நாலாயிரம் பேருக்கு மேல் வருகிறது. சிலருக்கு இரண்டு மூன்று வருடங்களில் மாத்திரை முடிந்துவிடும். மற்றவர்களுக்கு அது அன்றாடச் சோறு மாதிரி.

தோலும் எலும்பும் ஒரே நார்

எலும்பு என்றால் கல் மாதிரி ஒரு பொருள் என்று நினைக்கிறோம். ஆம்பூர், வாணியம்பாடி மக்களுக்கு அதை வேறு விதமாகச் சொல்லலாம். டேனரியில் சுண்ணாம்பு நீரில் ஊறி, முடி உரிந்து, சதை சீவி எடுத்த தோலில் மிஞ்சுவது பெரும்பாலும் கொலாஜன் என்ற புரத நார். அதே வகை நார்தான் எலும்பின் உள்சட்டமும். பச்சைத் தோலை அப்படியே விட்டால் அழுகிவிடும். அந்தக் காலத்தில் ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் ஊறப்போட்டார்கள். இப்போது பெரும்பாலும் குரோமிய உப்பு. நார்களுக்கு நடுவே வேறொரு பொருள் புகுந்து பிணைத்தால்தான் தோல் உழைக்கும்.

உடம்பும் கிட்டத்தட்ட இதையே செய்கிறது. அது நாரின்மேல் ஏற்றுவது சுண்ணாம்புச் சத்தையும் பாஸ்பரசையும். எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இந்தத் தாது, மீதியில் பெரும்பகுதி நார். தாது கெட்டித்தன்மையைத் தருகிறது. நார் ஒடியாமல் தாங்குகிறது.

வீட்டிலேயே பார்க்கலாம். கறிக்குழம்பில் மிஞ்சிய கோழிக்கால் எலும்பைக் கழுவி, வினிகர் ஊற்றிய பாட்டிலில் நாலைந்து நாள் போட்டு வையுங்கள். வினிகர் தாதுவைக் கரைத்துவிடும். எடுத்துப் பார்த்தால் வடிவம் அப்படியே இருக்கும், ஆனால் ரப்பர் மாதிரி வளையும். கையில் இருப்பது பதனிடாத எலும்பு என்று சொல்லலாம்.

நார் இருந்தும் தாது ஏறாமல் போகிற நோய்க்கு எலும்பு மென்மை என்று பெயர். குழந்தைகளுக்கு வந்தால் கால் வளையும். அதை ரிக்கெட்ஸ் என்பார்கள். நாரும் தாதுவும் சேர்ந்தே குறைந்து, தேன்கூடு மாதிரி ஓட்டையாகிப் போவது எலும்புப்புரை. ஊரில் எல்லாரும் சொல்கிற 'எலும்புத் தேய்மானம்' பெரும்பாலும் மூட்டு வழவழப்பு தேய்வது. அது வேறு கதை. வலிப்பு மாத்திரையோடு சம்பந்தப்பட்டவை முதல் இரண்டும்தான்.

எலும்பில் போட்டு வைத்த சேமிப்பு

வளர்ந்த மனிதரின் உடம்பில் ஏறத்தாழ ஒரு கிலோ சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அதில் நூற்றுக்கு 99 பங்கு எலும்பிலும் பல்லிலும். மிச்சம் ஒரு பங்குதான் ரத்தத்திலும் தசையிலும். ஆனால் அந்த ஒரு பங்குக்குத்தான் உடம்பு உயிரைக் கொடுத்துக் காவல் காக்கிறது. ரத்தத்தில் அது சற்று இறங்கினாலும் விரல் மரத்துப்போகும், தசை இழுக்கும். மிகவும் இறங்கினால் வலிப்பே வரும்.

காவல்காரர்கள் கழுத்தில், தைராய்டுக்குப் பின்னால் அரிசி மணி அளவில் ஒட்டிக்கொண்டிருக்கும் நாலு சுரப்பிகள். பாராதைராய்டு என்று பெயர். ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து குறைந்ததும் இவை ஒரு ஹார்மோனை அனுப்பும். எலும்பிலிருந்து எடுத்துக் கொடு என்று உத்தரவு. எலும்பும் கொடுக்கும்.

அப்புறம் குடல் வழியாக உணவிலிருந்து திருப்பிச் செலுத்த வேண்டும். அதற்குக் கதவைத் திறக்கும் சாவி வைட்டமின் டி. வெயில் பட்டதும் தோலில் உருவாகும். கல்லீரலுக்குப் போய் ஒரு மாற்றம், சிறுநீரகத்துக்குப் போய் இன்னொரு மாற்றம். அப்புறம்தான் குடலில் வேலை செய்யும். வைட்டமின் டி குறைந்தவர்கள் உண்ணும் சுண்ணாம்புச் சத்தில் நூற்றுக்கு 10, 15 பங்குதான் உள்ளே போகும். போதுமான அளவு இருப்பவர்களுக்கு 30, 40 பங்கு போகும். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் கணக்குப் போட வேண்டும்.

கல்லீரல் கூடுதல் ஆள் போடும்போது

1912இல் ஜெர்மனியில் ஆல்பிரட் ஹாப்ட்மன் என்ற இளம் மருத்துவர், தூக்கத்துக்குக் கொடுத்த பினோபார்பிட்டால் வலிப்பையும் குறைப்பதைக் கவனித்தார். 1938இல் அமெரிக்காவில் மெரிட்டும் புட்னமும் பெனிடாயினைக் கண்டார்கள். நம் ஊரில் 'எப்டாயின்' என்ற பெயரில் பலர் விழுங்குவது அதுதான். அப்புறம் கார்பமசெபின் வந்தது. விலை குறைவு, அரசு மருத்துவமனையில் இலவசம், வலிப்பை நன்றாக அடக்கும். இவை இல்லாவிட்டால் எத்தனையோ பேர் பள்ளிக்கூடம் போயிருக்க முடியாது, வேலைக்குப் போயிருக்க முடியாது. இந்த அத்தியாயம் அவற்றுக்கு எதிரான வழக்கு அல்ல.

1960களின் கடைசியில் ஜெர்மனியில் குழந்தை மருத்துவர் க்ரூசே ஒரு விஷயத்தைச் சொன்னார். பல வருடம் இந்த மருந்துகளை உண்டவர்களின் எலும்பில் கோளாறு தெரிகிறது என்றார். 1970இல் லண்டனில் சார்லஸ் டென்ட்டும் சகாக்களும், வலிப்பு மருந்து உண்டவர்களிடம் எலும்பு மென்மை நோயைக் கண்டு எழுதினார்கள். அதிலிருந்து தேடல் கல்லீரலை நோக்கித் திரும்பியது.

கல்லீரலை ஒரு சுத்திகரிப்பு நிலையமாக நினைத்துக்கொள்ளலாம். பாலாற்றங்கரை ஊர்களில் டேனரிக் கழிவு நீருக்கு வைத்திருப்பது மாதிரி. வெளியிலிருந்து வரும் ரசாயனங்களை உடைத்து வெளியேற்றுவது அதன் வேலை. உடைக்கும் கூலியாட்கள் நொதிகள் என்ற புரதங்கள். தினமும் பெனிடாயின் வருகிறது என்று தெரிந்ததும் கல்லீரல் செல்லுக்குள் இருக்கும் ஓர் உணர்வான், ஆட்களைக் கூட்டு என்று சொல்லிவிடும். பெனிடாயின், பினோபார்பிட்டால், கார்பமசெபின் மூன்றும் இப்படி ஆள் கூட்ட வைப்பதால் இவற்றை நொதித்தூண்டி மருந்துகள் என்று அழைக்கலாம்.

கூடுதலாக வந்த ஆட்கள் மருந்தை மட்டும் உடைத்துவிட்டு ஓய்வெடுப்பதில்லை. கண்ணில் பட்ட வைட்டமின் டியையும் சேர்த்து உடைத்துப் பயனற்றதாக்கி அனுப்பிவிடுகிறார்கள். சாவி குறைகிறது, குடலின் கதவு பாதிதான் திறக்கிறது, ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து இறங்கப் பார்க்கிறது, கழுத்துச் சுரப்பி எலும்பிடம் கை நீட்டுகிறது. எல்லாம் சத்தமில்லாமல். வலி இல்லை, காய்ச்சல் இல்லை.

ஆக, மாத்திரை எலும்பைத் தின்பதில்லை. எலும்புக்கு வர வேண்டிய வரவை வழியில் குறைக்கிறது.

கதை இவ்வளவு எளிதாக முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். வால்புரோயேட் என்ற மருந்து நொதிகளைத் தூண்டுவதில்லை, ஆனாலும் அதை நெடுநாள் உண்பவர்களிடமும் எலும்பு அடர்த்தி குறைந்ததாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. பெனிடாயின் எலும்பு கட்டும் செல்களையே நேரடியாக மந்தப்படுத்துவதாகச் சோதனைக்கூடத்தில் தெரிகிறது. ஒரே குழாயில் ஒழுகவில்லை, பல இடத்தில் கசிகிறது.

வேலூரில் 55 ஆண்கள்

வெள்ளைக்காரர் நாட்டில் குளிரும் இருட்டும். அங்கே வைட்டமின் டி குறைந்தால் ஆச்சரியமில்லை. வெயிலூர் என்றே கிண்டல் செய்யப்படுகிற வேலூரில்?

இதைச் சோதித்துப் பார்த்தது வேலூர் சிஎம்சி. அங்கே உள்ள நாளமில்லாச் சுரப்பியியல், நரம்பியல் துறை மருத்துவர்கள் சேர்ந்து செய்த ஆய்வு 2014இல் வெளியானது. ஆறு மாதத்துக்கு மேல் வலிப்பு மருந்து உண்ணும், நடமாடி வேலை செய்யும் 55 ஆண்கள் ஒரு பக்கம். அவர்களுடைய வயதும் உடல்வாகும் ஒத்த, மருந்து உண்ணாத 53 ஆண்கள் மறுபக்கம். ரத்தத்தை எடுத்தார்கள், சாப்பாட்டைக் கேட்டார்கள், வெயிலில் எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். டெக்ஸா என்ற கருவியில் படுக்க வைத்து எலும்பின் அடர்த்தியை அளந்தார்கள். வலியில்லாத சோதனை, மிகச் சிறிய அளவு எக்ஸ்ரே மேலே நகர்ந்து போகும்.

தொடை எலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் கழுத்து மாதிரி ஒரு குறுகல் இருக்கிறது. வயதானவர்கள் விழுந்தால் முதலில் ஒடியும் இடம் அது. மருந்து உண்ட ஆண்களில் நூற்றுக்கு 61 பேருக்கு அந்தக் கழுத்தின் அடர்த்தி குறைவாக இருந்தது. சராசரியும் மற்ற அணியைவிடக் குறைவு. பாட்டிகளுக்கு வரும் நோய் என்று நாம் நினைத்திருப்பதன் அறிகுறி, உழைத்துச் சம்பாதிக்கும் ஆண்களிடம்.

இனிமேல்தான் புதிர். முன்பு சொன்ன கதைப்படி, மருந்து உண்டவர்களுக்கு மட்டும் வைட்டமின் டி மளமளவென்று குறைந்திருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தார்கள். மருந்து உண்டவர்களில் 32 பேருக்குப் பற்றாக்குறை. மருந்தே உண்ணாதவர்களில் 37 பேருக்கு!

நொதித்தூண்டிக் கதை பொய்யாகிவிட்டதா? இல்லை. எல்லார் வீட்டுத் தொட்டியிலும் தண்ணீர் அடிமட்டத்தில் இருக்கும்போது, எந்தத் தொட்டியில் ஓட்டை என்று பார்த்துச் சொல்ல முடியாது. ஊரே பற்றாக்குறையில் இருக்கிறது என்பதுதான் அந்த எண்களின் சேதி. அந்த அடிமட்டத்தில் நிற்கிறவருக்கு மருந்தின் சுமையும் சேர்ந்தால், எலும்பில் அது தெரிகிறது. ஆனால் இரண்டு அணிகளுக்கும் நடுவே மருந்து மட்டும்தான் வித்தியாசமா? அதுவும் இல்லை.

326 மில்லிகிராம்

மருந்து உண்ட ஆண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 326 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டார்கள். மற்றவர்கள் 396. வளர்ந்தவர்களுக்கு 1,000 மில்லிகிராம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. இரண்டு அணியுமே பாதியைத் தொடவில்லை.

இப்போது அந்தக் கணக்கு. 326 மில்லிகிராம் உள்ளே போகிறது. வைட்டமின் டி குறைந்த குடல் நூற்றுக்கு 12 பங்கு எடுத்துக்கொண்டால் ரத்தத்துக்கு வருவது 39 மில்லிகிராம். சிறுநீர், வியர்வை, மலம் வழியாக ஒரு நாளில் வெளியேறுவதோ சாதாரணமாக நூறு மில்லிகிராமுக்கு மேல். இடைவெளியை நிரப்ப எலும்பைத் தவிர வேறு கதியில்லை. அதே 326, வைட்டமின் டி போதுமான உடம்பில் 30 பங்கு உறிஞ்சப்பட்டால் 98 ஆகும். நஷ்டம் பெருமளவு அடைபடும். ஆயிரம் மில்லிகிராம் உண்டு, 30 பங்கு உறிஞ்சினால் 300. எலும்பில் சேர்த்து வைக்கவும் மிஞ்சும்.

326 என்பது எவ்வளவு சாப்பாடு? நூறு மில்லி பாலில் சுமார் 120 மில்லிகிராம். ஷிப்டுக்கு நடுவே குடிக்கும் டீ ஒன்றில் ஐம்பது மில்லி பால் இருந்தால் அறுபது. நாலு டீ, கொஞ்சம் மோர் சோறு, அவ்வளவுதான். வெள்ளை அரிசியில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. ஆம்பூர் பிரியாணி எவ்வளவு ருசியாக இருந்தாலும், எலும்புக்கு உதவுவது அதோடு வரும் தயிர்ப் பச்சடிதான்.

கேழ்வரகு வேறு மாதிரி. நூறு கிராம் மாவில் சுமார் 350 மில்லிகிராம். அந்த ஆண்களின் ஒரு நாள் மொத்தத்தைவிட அதிகம் ஒரே வேளைக் களியில்! அதிலும் ஒரு சிக்கல் உண்டு. தானியத்தின் உமி ஓரம் பைட்டேட் என்ற ஒரு பொருள் இருக்கிறது. அது சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொண்டு குடலுக்கு விடாது. மாவைக் கரைத்துப் புளிக்க வைத்தால், தானியத்தை முளை கட்டினால், பைட்டேட் குறையும். ஆடி மாதம் மாரியம்மன் கோயில் அண்டாவில் ஊற்றும் கூழ், முந்தின நாளே கரைத்துப் புளிக்க வைத்த மாவில் காய்ச்சுவது. அதைக் காய்ச்சும் பெண்களுக்குப் பைட்டேட் என்ற பெயர் தெரிய வேண்டியதில்லை, பக்குவம் தெரிந்திருக்கிறது. வருடத்துக்கு ஒரு மாதத்தோடு நின்றுபோனதுதான் இழப்பு.

வெயில் எங்கே போனது?

மருந்து உண்ட ஆண்கள் வெயிலில் இருந்த நேரமும் குறைவு. ஏன் என்று யோசித்தால் மனசு கனக்கிறது. வலிப்பு வரும் பிள்ளையை வெளியே விட வீட்டார் பயப்படுகிறார்கள். "வெயில்ல போகாதடா, மயக்கம் வந்துடும்" என்பது பாசத்தில் சொல்வது. ஏரி, கிணற்றடி, மாடிப்படி, சைக்கிள் எல்லாம் விலக்கு. நடை குறைகிறது, நடை குறைந்தால் எலும்பும் இளைக்கும், ஏனென்றால் எலும்பு சுமை தாங்கும்போதுதான் தன்னைக் கெட்டிப்படுத்திக்கொள்ளும்.

நோய் இல்லாதவர்களுக்கு மட்டும் வெயில் கிடைக்கிறதா? ஷூ கம்பெனி வேனும் பஸ்ஸும் காலையில் கிராமம் கிராமமாகப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஆம்பூருக்கு வரும். பகல் முழுவதும் தையல் மிஷின் முன்னால், டியூப்லைட் வெளிச்சத்தில். திரும்பும்போது பொழுது சாய்ந்திருக்கும். வேலூருக்கு வடக்கே திருப்பதியில் சி.வி. ஹரிநாராயண் குழுவினர் செய்த சோதனையில், வைட்டமின் டி நன்றாக உருவாவது காலை 11 மணியிலிருந்து பிற்பகல் 2 மணி வரை என்று தெரிந்தது. அந்த நேரத்து வெயில் கூரைக்கு மேலேயே நின்றுவிடுகிறது. ஜன்னல் கண்ணாடி வழியாக வருவதும் பயன்படாது. தேவையான கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். காலை ஏழு மணி இளவெயில் உடம்புக்கு இதமானதுதான், வைட்டமின் டிக்கு அதிகம் உதவாது. நம் கறுத்த தோல் கதிரை வடிகட்டுவதால் சிவந்த தோலைவிடக் கூடுதல் நேரமும் வேண்டும்.

பெண்களுக்கு இன்னொரு கட்டம் காத்திருக்கிறது. மாதவிடாய் நின்ற சில வருடங்களில் எலும்பு வேகமாக இளைக்கும். சிஎம்சியில் அளந்தது ஆண்களை. இருபது வருடம் பெனிடாயின் உண்ட, ஐம்பது வயதைத் தொடும் பெண்ணைத்தான் முதலில் அந்த டெக்ஸா மேஜையில் படுக்க வைத்துப் பார்க்க வேண்டும்.

விழுகிற உடம்பு

வலிப்பு உள்ளவர்களுக்கு எலும்பு முறியும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. எல்லாவற்றுக்கும் மருந்தைக் குற்றம் சொல்ல முடியாது. வலிப்பு வந்தால் விழுகிறார்கள். விழாமல் படுக்கையில் வந்தாலும், தசைகள் ஒரே நேரத்தில் இறுகும் வேகத்தில் தோள்மூட்டு நழுவும், முதுகெலும்பு நசுங்கும். சுற்றி நிற்பவர்கள் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதும், மூக்கில் செருப்பைக் காட்டுவதும், கைகாலை அழுத்திப் பிடிப்பதும் நடக்கும். பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக அடங்கும். பெயர் சாவிக்குப் போகும். அழுத்திப் பிடித்த கைதான் சில நேரம் தோளை நழுவ வைக்கிறது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்குக் கீழே துண்டை மடித்து வைத்தால் போதும்.

அதனால்தான் எலும்புக்குப் பயந்து மாத்திரையை நிறுத்துவது எலும்புக்கே ஆபத்து. திடீரென்று நிறுத்தினால் நிற்காமல் அடுத்தடுத்து வலிப்பு வரலாம், உயிரே போகலாம்.

செய்யக்கூடியவை வேறு இருக்கின்றன. லெவெடிரசெட்டம், லமோட்ரிஜின் போன்ற பிற்கால மருந்துகள் கல்லீரலை இப்படித் தூண்டுவதில்லை. மாற்றுவது பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்கலாம், அவர் முடிவு செய்யட்டும். பெனிடாயின், கார்பமசெபின், வால்புரோயேட் போன்றவற்றை நெடுநாள் உண்ணும், எலும்புக்கு ஆபத்து கூடுதலாக உள்ளவர்களுக்கு வைட்டமின் டி கொடுப்பது பற்றி யோசிக்க வேண்டும் என்று பிரிட்டனின் மருந்துக் கண்காணிப்பு அமைப்பு 2009இலேயே மருத்துவர்களுக்குச் சொல்லிவிட்டது. நம் மருந்துக்கடைகளில் 60,000 யூனிட் பாக்கெட் கிடைக்கிறது. எத்தனை வாரம் என்பதைச் சீட்டில் எழுதி வாங்க வேண்டும். அளவு மீறினால் ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

அடுத்த முறை காட்பாடியில் இறங்கும்போது, அந்தத் துணிப்பையிலிருந்து சீட்டை நீட்டி இரண்டு கேள்வி கேட்கலாம். "டாக்டர், வைட்டமின் டி பார்த்து எத்தனை வருஷம் ஆச்சு? எலும்பு ஸ்கேன் எப்போ எடுக்கலாம்?" மாத்திரை பெயரையும் எந்த வருஷம் ஆரம்பித்தது என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவது நல்லது. பழைய சீட்டுகளில் அந்த வருஷம்தான் முதலில் அழிந்துபோகிறது.